பின்னால் வருகிறவர்

நவம்பர் 6

அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததுமே கவரைக் கிழித்துப் போட்டுவிடாதே. முழுதாகப் படி, பிறகு கிழி.

நன்றாக இருக்கிறேன். வேலை கிடைத்துவிட்டது. பல் செட் செய்கிற லேப். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் அதற்குப் பல் செய்து அனுப்புவோம். கல்யாணத்துக்கு முன்னால் படித்தது இப்போதுதான் சோறு போடுகிறது. முதலாளியம்மா கண்டிப்பானவர், ஆனால் ஊரார் வாயைத் தவிர வேறு எதையும் நோண்ட மாட்டார். சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை, “உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்று கேட்டார். “தேடிக்கிட்டிருக்கார்” என்றேன். வேலை தேடுகிறார் என்று எடுத்துக்கொண்டார் போல. அதோடு விட்டுவிட்டார்.

ஃபோன் நம்பர் கேட்காதே. உன் ஃபோனை உனக்குத் தெரியாமல் யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியாது. எழுதுவதானால் கவரின் பின்னால் இருக்கும் லேப் முகவரிக்கு எழுது. அறை எங்கே என்பது யாருக்கும் வேண்டாம்.

வேலைக்குப் போய்வருவது சைக்கிளில். சிரிக்காதே. பழையது ஒன்று வாங்கினேன். இங்கே பெரிய சாலையை ஒட்டினாற்போல சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். வழவழவென்று தார். சாலைக்கும் பாதைக்கும் நடுவே இடுப்பளவு கம்பித் தடுப்பு. அந்தப் பக்கம் லாரியும் பஸ்ஸும் தலைதெறிக்க ஓடும், இந்தப் பக்கம் நாங்கள் பாட்டுக்கு மிதிப்போம். லாரி கடக்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளும், கைப்பிடியை இறுக்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் பங்க் வாசலில் மட்டும் தடுப்பு கிடையாது. பங்குக்குத் திரும்பும் கார்கள் நம்மைக் கண்டும் காணாததுபோல் உள்ளே புகும். இதெல்லாம் பழகிவிட்டது. “எங்க இருக்க?” என்று யாரும் கேட்காத நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான்.

ஒன்றுதான் என்று இருந்தது. இப்போது சில நாட்களாக, மாலையில் திரும்பும்போது பின்னால் ஒருவர் வருகிறார். உயரமான ஆள். கறுப்பு ஹெல்மெட், புகைக்காக மூக்குவரை துணி. முந்திப் போவதும் இல்லை, பின்தங்குவதும் இல்லை. என் சைக்கிளில் சின்னக் கண்ணாடி இருக்கிறது. எப்போது பார்த்தாலும் அவருடைய விளக்கு அதில் அதே இடத்தில் மினுக்குகிறது.

அக்கா, நேராகவே கேட்கிறேன். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று நீ யாரிடமாவது சொன்னாயா? மாமா சொன்னாரா?

சின்னு


நவம்பர் 11

சின்னு,

கிழிக்கவில்லை. இத்தனை மாதம் கழித்து ஒரு கடிதம், அதில் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை, என் வீட்டுக்காரர் மேல் குற்றப்பத்திரிகை மட்டும் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் யார் பொய்யாக இழப்பீடு கேட்கிறார்கள் என்று சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நீ அதை இலவசமாகச் செய்கிறாய்.

யாரிடமும் சொல்லவில்லை. உன் கடிதம் வரும்வரை எனக்கே நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று தெரியாது. இப்போது தெரிந்ததும் யாருக்கும் போகாது.

உன் வீட்டுக்காரர் வந்தார், மறைக்கவில்லை. பை நிறையப் பழத்தோடு வந்து ஹாலில் உட்கார்ந்து அழுதார். “அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, தூரத்துலேர்ந்து பார்த்துட்டு வந்துடறேன்” என்றார். முன்பு ஒரு தடவை அந்த அழுகைக்கு நான் இளகிப் போய், அவரை வீட்டுக்குள் விட்டு, “ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கங்க” என்று உன்னை அறையில் உட்கார வைத்தேன். அன்று சாயங்காலமே நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். இந்தத் தடவை நான் எழுந்து போய் மிக்ஸியைப் போட்டேன். அவர் குரல் கேட்கக் கூடாது என்றுதான்.

அந்தச் சைக்கிள்காரரைப் பற்றி எங்கள் ஆபீஸ் பாணியில் சொல்கிறேன். பயத்தை வைத்து முடிவு செய்யாதே, சோதித்துப் பார். ஒரு நாள் வேகமாகப் போ. ஒரு நாள் நடுவில் நிறுத்து. காலையிலும் வருகிறாரா என்று பார். ஆட்கள் இல்லாத இடத்தில் எதையும் செய்யாதே.

சாப்பிடுகிறாயா?

அக்கா


நவம்பர் 17

அக்கா,

சாப்பிடுகிறேன்.

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். செய்யாமலே இருந்திருக்கலாம், இப்போது தூக்கம் போய்விட்டது.

வேகமாக மிதித்தேன். அவரும் மிதித்தார், மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது. பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஆட்கள் இருந்த இடமாகப் பார்த்து நிறுத்தி, செயின் கழன்ற மாதிரி குனிந்துகொண்டேன். அவரும் நிறுத்தினார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார். கிட்டே வரவில்லை, “என்னாச்சு?” என்று கேட்கவில்லை. சாதாரண ஆளாக இருந்தால் தாண்டிப் போவார், நல்ல ஆளாக இருந்தால் உதவிக்கு வருவார். இரண்டும் இல்லாமல் நிற்பவரை என்னவென்று சொல்வது?

நேற்று நான் வழக்கமாகப் பாதையை விட்டு வெளியேறும் இடத்துக்கு முன்னாலேயே சட்டென்று திரும்பி, பஸ் நிறுத்தத்தின் பின்னால் நின்று பார்த்தேன். அவர் பாதையில் அப்படியே நின்று தலையை இங்கும் அங்கும் திருப்பினார். தேடினார், அக்கா. என்னைத்தான் தேடினார். வேறு ஒரு சைக்கிள் வந்து கடந்த பிறகு அதன் பின்னால் போனார்.

காலையில் அவர் இப்படி வருவதில்லை. இரண்டு தடவை காலையில் பார்த்தேன், என்னை முந்திக்கொண்டு ஜோராகப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பகலில் பத்துப் பேர் பார்ப்பார்கள் என்ற எண்ணம்தானே?

உன்னை நம்புகிறேன். ஆனால் நீ ஆபீஸ் போன பிறகு தபால் யார் கையில் விழுகிறது? மாமாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் எப்போதுமே ஒத்துப்போகும். கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டார்கள். “மாப்பிள்ளை தங்கமான மனுஷன்” என்று மாமா சொன்னதை நான் மறக்கவில்லை.

சின்னு


நவம்பர் 21

சின்னு,

மாமா அதைச் சொன்னது உன் கல்யாணத்தன்று. கல்யாணத்தன்று வேறு என்ன சொல்வார்கள்? நான்கூடத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு உன் கையில் இருந்த தழும்பைப் பார்த்தார். பார்த்ததிலிருந்து கிரிக்கெட் தனியாகத்தான் பார்க்கிறார். தபால் பெட்டிச் சாவி என் கைப்பையில் இருக்கிறது. போதுமா?

நீ எழுதியதைப் படித்தேன். ஒரு விஷயம் கேள். கொஞ்ச நாளைக்கு இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிடு. முதலாளியம்மாவிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள். அந்த மேம்பாலத்துக்குக் கீழே பாதை தூணைச் சுற்றி வளைகிற இடத்தில் விளக்கே எரிவதில்லையாமே, அங்கே தனியாகப் போகாதே. யாராவது நாலு பேர் சேர்ந்து வரும்வரை நின்று, அவர்களோடு போ. அந்தச் சிவப்பு ஜாக்கெட்டையும் விடு. தூரத்திலிருந்தே தெரிகிறது.

அம்மா இருந்தால் உன்னைத் தனியாக விட்டதற்கு என்னைத்தான் திட்டியிருப்பாள்.

அக்கா


நவம்பர் 25

மேம்பாலத்தைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. தூணைப் பற்றி எழுதவில்லை. விளக்கைப் பற்றி எழுதவில்லை.

“எரிவதில்லையாமே” என்கிறாய். அந்த “ஆமே”யை உனக்குச் சொன்னது யார்?

சிவப்பு ஜாக்கெட் நான் இந்த ஊருக்கு வந்து வாங்கியது.


நவம்பர் 28

சின்னு,

நான்தான் ஆள் வைத்தேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே வைத்தேன். அவர் அழுதுவிட்டுப் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அழுகிறவர் வாசலில் செருப்பை மாட்டும்போது ஃபோனில் மெசேஜ் பார்க்க மாட்டார். எப்படியாவது உன்னைக் கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. எங்கள் ஆபீஸுக்கு விசாரணை வேலை பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். முதுகு ஒடிந்தது என்று இழப்பீடு கேட்பவர் மாடியில் மூட்டை தூக்குகிறாரா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதுதான் அவர் தொழில். நம்பகமானவர், அமைதியான ஆள், உன் ஊர்க் கேஸ்களுக்காகப் பாதி நாள் அங்கேதான் இருப்பார். அவரிடம் உன் லேப் முகவரியைக் கொடுத்து, மாலையில் நீ பத்திரமாகப் போகிறாயா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். உன் கணவர் வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று அவருடைய படத்தைக் கொடுத்து, வேலை செய்யும் இடத்தையும் சொல்லி வைத்தேன்.

உன்னிடம் கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை. இதற்கு நீ என்னைத் திட்டலாம், திட்டு. ஆனால் அதற்கு முன்னால் அடுத்த வரியைப் படி.

என் ஆள் வருவது ஸ்கூட்டரில். சாலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் அவரால் வர முடியும். சைக்கிள் பாதைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. உன் பின்னால் வரும் சைக்கிள்காரரை அவரும் பார்த்திருக்கிறார். “தங்கச்சியோட ஃப்ரெண்டு போலிருக்கு மேடம், தினமும் கூடவே வர்றாரு” என்றார்.

அந்தச் சைக்கிள்காரரை நான் அனுப்பவில்லை. நீ நினைப்பதைவிட எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. தயவுசெய்து பஸ்ஸில் போ.

அக்கா


டிசம்பர் 3

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

உனக்கு அந்த நாலு வரிக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள். பின்னால் வருவது யார், உனக்குச் சொன்னது யார் என்று தலை வெடித்துவிடும் போல இருந்தது. இன்று இந்த ஆளைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். மேம்பாலத்துக்குக் கீழே நுழைந்ததும் என் பின்விளக்கை அணைத்தேன். முன்விளக்கையும் அணைத்தேன். அந்த வளைவு எனக்கு மனப்பாடம். தூணைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

பின்னால் ஒரு சத்தம். இரும்பு விழுகிற சத்தம், அதற்குள்ளேயே ஒரு மனிதச் சத்தம்.

நான் நிற்காமல் மிதித்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பினேன். நல்ல மனசால் திரும்பினேன் என்று நினைக்காதே. விழுந்துகிடக்கும் ஆளால் துரத்த முடியாது, இப்போது கேட்டால் பதில் வரும் என்றுதான் திரும்பினேன்.

தூணுக்கு முன்னால் நட்டிருக்கும் கான்கிரீட் குட்டைத் தூணில் நேராக மோதியிருந்தார். சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வாயெல்லாம் ரத்தம். ஃபோன் வெளிச்சத்தை அவர் முகத்தில் அடித்தேன்.

“யார் உங்களை அனுப்பினது? சொல்லுங்க!”

அவர் கையை முகத்துக்கு நேராகத் துழாவினார். “லைட்டு… லைட்டை ஏம்மா அணைச்சீங்க?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டார், குழந்தை கேட்பதுபோல.

அவருக்கு மாலைக்கண், அக்கா. பகலில் ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ந்தால் தார் எது, தடுப்பு எது என்று தெரியாது. எரிகிற விளக்கு மட்டும் புள்ளியாகத் தெரியும். சாலைப் பக்கமிருந்து வண்டி வெளிச்சம் முகத்தில் அடித்தால் அதுவும் போய்விடும். என் சிவப்பு விளக்கு மற்றவர்களுடையதைவிடப் பெரியது. அது போகிற இடம் பாதை என்று நம்பி வந்திருக்கிறார். நான் வேகம் எடுத்தால் அவரும் வேகம். நான் நின்றால், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவரும் நிற்பார். அன்று நான் பஸ் நிறுத்தத்தின் பின்னால் ஒளிந்தபோது அவர் தேடியது உண்மைதான். விளக்கைத் தேடியிருக்கிறார்.

வேலை என்ன தெரியுமா? கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றேன் ஆட்டோவில்.

“என்னன்னு சொல்றது? முன்னப்பின்னத் தெரியாத பொம்பளைகிட்ட வந்து, தினமும் உங்க பின்னாடியே வர்றேன், கோச்சுக்காதீங்கன்னா? கடைக்குத் தெரிஞ்சா அதோட சரி. கண்ணாடிக் கடையில கண்ணு தெரியாதவனை யாரு வச்சுக்குவா?” வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டே சொன்னார். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. தோள்பட்டை எலும்பும் முறிந்திருந்தது. செய்தது நான்.

இதோடு முடிந்திருந்தால் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது மழுமழு முகத்தோடு ஒருவர் வந்தார். டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். “மேடம், பயப்படாதீங்க. நான் உங்க அக்கா அனுப்பின ஆளு” என்றார். உன் கடிதம் அப்போது என் கைக்கு வரவில்லை, ஆனாலும் புரிந்துவிட்டது. டீயை வாங்கவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நாள் பழகியவர்போல குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“சாரும் ரொம்ப உடைஞ்சு போயிருக்காரு மேடம். இனிமே வாசக் கதவை வெளியில பூட்ட மாட்டேன்னு எங்கிட்டயே சொன்னாரு. ஒரே ஒரு தடவை பேசிப் பாருங்களேன்.”

அக்கா, அவர் என்னை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு ஆபீஸ் போவார், கேட்டால் “மறந்துட்டேன்” என்பார் என்பதை நான் இந்த உலகத்தில் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ அதை இந்த ஆளிடம் சொன்னாயா? இல்லையென்றால் இவர் அதை யார் வாயால் கேட்டார்?

சின்னு


டிசம்பர் 7

சின்னு,

பூட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. மாமாவிடம்கூடச் சொன்னதில்லை, எனக்கு அவமானமாக இருந்தது. நீ முதல் தடவை அதைச் சொன்னபோது, “ஞாபக மறதியா இருக்கும்டி” என்றவள் நான்தானே.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆபீஸுக்குப் போனேன். அந்த ஆள் மேலதிகாரி அறையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவே இல்லை. “குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறது புண்ணியம்தானே மேடம். நீங்கதான் அவரு எங்க வேலை பார்க்கிறாருன்னு சொன்னீங்க. போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷனா தெரிஞ்சாரு. உங்களுக்கும் சொன்னேன், அவருக்கும் சொன்னேன்” என்றார். இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறார். யாரைக் கண்டால் உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று படத்தைக் கொடுத்தேனோ, அவரிடமே போய் நின்றிருக்கிறார். உன் வீட்டுக்காரர் தேடிக் களைத்து விட்டிருப்பார், சின்னு. வழியைக் காட்டியது நான்.

மேலதிகாரியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இனி அந்த ஆளுக்கு எங்கள் ஆபீஸில் வேலை இல்லை. அதனால் உனக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் வைக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று மாமா எதிர்த்தார். “அவ ஓடி வந்ததே ஒருத்தன் அவளைக் கண்காணிச்சான்னுதான். நீயும் அதையேதான் செய்யப் போறியா?” என்று கேட்டார். நான்தான் வாய்க்கு வாய் பேசி அவரை அடக்கினேன். நீ இத்தனை நாளும் சந்தேகப்பட்டவர் அவர்.

உன் கணவரின் ஆபீஸுக்கு ஃபோன் செய்து, வாடிக்கையாளர்போலக் கேட்டேன். திங்கட்கிழமையிலிருந்து லீவாம். இந்த “ஆம்” என் காதால் கேட்டது. உடனே அறையை மாற்று. போலீஸில் சொல். சொல்வதற்கு நான் வந்து பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் ஒரு வரி எழுது.

அக்கா


டிசம்பர் 14

அக்கா,

வந்தார்.

உன் கடிதம் படித்த அன்றே முதலாளியம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். தேடிக்கொண்டிருப்பது வேலையை இல்லை, என்னை என்று. அவர் கையிலிருந்த மெழுகுப் பல்லைக் கீழே வைத்தார். பிறகு, “மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு, எங்க அண்ணன் வீட்டுல” என்றார். அறை மாறிவிட்டேன். ஆனால் அந்தப் பாதை வழியாகத்தான் அங்கேயும் போக வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம். பெட்ரோல் பங்கில் கார் நின்றிருந்தது. எங்கள் கார்தான், இடது பக்கக் கதவில் அந்தக் கீறல். திரும்பிப் போகலாம் என்று பிரேக்கைப் பிடித்தேன், அதற்குள் அவர் பாதைக்குள் வந்து என் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

“இளைச்சுப் போயிட்ட” என்றார் முதலில். ரொம்ப மென்மையாக. அந்த மென்மைதான் எனக்குப் பயம்.

“கையை எடுங்க.”

“வண்டியை இங்கயே போட்டுட்டு வா. வீட்டுக்குப் போலாம். உன் துணியெல்லாம் அப்படியே வச்சிருக்கேன்.”

“வர மாட்டேன்.”

“ரோட்டுல வச்சு மானத்தை வாங்காதே. கார்ல உட்கார்ந்து பேசலாம்.” பிடி இறுகியது. கைப்பிடியை மட்டும் இல்லை, என் விரல்களையும் சேர்த்துப் பிடித்தார்.

எனக்குக் கத்த வரவில்லை, அக்கா. எத்தனை தடவை மனதுக்குள் கத்திப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அது சைக்கிள் பாதை. வேலை விட்டு எல்லோரும் வருகிற நேரம். நாங்கள் இருவரும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறோம். எனக்குப் பின்னால் ஒரு மணி அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு கும்பலாக. காய்கறிக் கூடையோடு வந்த ஒரு பெண், “ஐயா, குடும்பத்தை ஓரமா வச்சுக்கங்க, வழி விடுங்க!” என்று கத்தினாள். இன்னொருவர், “இது சைக்கிள் வழிங்க, காரை விட்டுட்டு இங்க என்ன வேலை?” என்றார்.

இவர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். வெளியாட்களுக்கென்று ஒரு சிரிப்பு வைத்திருப்பாரே, அது. “ஒண்ணுமில்லைங்க, எங்க வீட்டுல. சின்னச் சண்டை.”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்குக் குரல் வந்தது. “இவர் என் கையை விட மாட்டேங்கிறார்” என்றேன். கத்தவில்லை. சும்மா சொன்னேன், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

மணிகள் நின்றுவிட்டன. காய்கறிக்காரி சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கி, எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவர் உயரத்துக்கு அவள் தோள்வரைதான் இருப்பாள். “விடு தம்பி” என்றாள். பின்னாலேயே நாலைந்து பேர் இறங்கினார்கள். அவர் கையை எடுத்தார். எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “எவ்வளவு நாளைக்கு?” என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காய்கறிக்காரி சாட்சி. லென்ஸ்காரரும் கட்டுப் போட்ட கையோடு ஸ்டேஷனுக்கு வந்து, “நானும் சாட்சி சொல்றேன்” என்றார். அவர் அன்று பாதையிலேயே இல்லை, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அம்மா, “நீங்க இருந்திருந்தாலும் என்னத்தைப் பார்த்திருப்பீங்க?” என்று சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். புதுப் பல் பளிச்சென்று இருக்கிறது. நான்தான் செய்தேன், நிறம் பொருந்த இரண்டு தடவை திருத்தினேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: அவருக்கு உண்மையிலேயே மாலைக்கண்ணா என்று ஆஸ்பத்திரிக் கண் டாக்டரிடம் தனியாகக் கேட்டு வந்தேன். இப்படித்தான் ஆகிவிட்டேன்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியிருக்கிறார்களாம். மறுபடி வந்தால் வழக்கு. வருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்த “எவ்வளவு நாளைக்கு?” காதிலேயே இருக்கிறது.

மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல். அவரைப் பற்றி எழுதியதை எல்லாம் அவர் படித்தாரா?

சின்னு


டிசம்பர் 18

சின்னு,

படித்தார். “அவ இடத்துல இருந்தா நானும் இப்படித்தான் நினைப்பேன்” என்றார். அவ்வளவுதான்.

நான் வருகிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன், ஆனால் நீ வேண்டாம் என்று எழுதிவிடாதே. ஒரு நாள் லீவு போட்டால் போதும். உன் கையைப் பார்க்க வேண்டும், நீ தூங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காய்கறிக்காரியையும் பார்க்க வேண்டும். நான் நிற்க வேண்டிய இடத்தில் அவள் நின்றிருக்கிறாள்.

புது அறை முகவரியைக் கொடு. நேராக அங்கே வந்துவிடுகிறேன்.

அக்கா


டிசம்பர் 22

அக்கா,

வா.

முகவரி தர மாட்டேன். கோபப்படாதே, இதை எழுத எனக்கு மூன்று காகிதம் வீணாகிவிட்டது. நீ தெரிந்து எனக்குக் கெடுதல் செய்ய மாட்டாய். தெரியாமல் செய்வாய், பாசத்தில் செய்வாய். அதனால்தான்.

எந்த நாள் என்று எனக்கும் எழுதாதே, மாமாவைத் தவிர யாரிடமும் சொல்லாதே. வரும் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் புறப்படு. டிக்கெட்டை ஃபோனில் எடுக்காதே, நேரில் போய் எடு. சாயங்காலம் பெட்ரோல் பங்கைத் தாண்டி இருக்கும் பஸ் நிறுத்தத்தில், பாதையைப் பார்த்தாற்போல உட்கார்ந்திரு. தினமும் நான் அந்த வழியாகத்தான் வருவேன்.

உன்னைப் பார்த்ததும் நிற்க மாட்டேன். தெரியாதவள்போல ஒரு தடவை உன்னைத் தாண்டிப் போவேன். கூப்பிடாதே, கை ஆட்டாதே, எழுந்திருக்காதே. கொஞ்ச தூரம் போய் நின்று, உன் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா, ஸ்கூட்டர் ஏதாவது நிற்கிறதா என்று பார்ப்பேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. எனக்குத் திருப்தியாகும்வரை பார்ப்பேன்.

யாரும் இல்லையென்றால் திரும்பி வருவேன். வந்து உன் முன்னால் பிரேக் பிடிப்பேன்.

அதுவரைக்கும் உட்கார்ந்திரு அக்கா. எழுந்து போய்விடாதே.

சின்னு